பூட்டு இருநூறு ரூபா

மல்லாவிச் சந்தியில் என் கடை.
ரீலோட், உடைந்த கண்ணாடி மாற்றுதல், சார்ஜர் வயர்.
மூன்று வருடமாய்ப் புதுத்தொழில் ஒன்று:
பிள்ளைகளின் போனுக்குப் பூட்டுப் போடுதல்.

"தம்பி, கூடாததெல்லாம் வராமல் செய்துவிடும்."
கூடாதது எதுவென்று அவர்கள் சொல்வதில்லை,
நானும் கேட்பதில்லை.
இருநூறு ரூபா.
கடவுச்சொல்லைத் துண்டில் எழுதிக் கொடுப்பேன்.
உரக்கடை பில்லோடு மடித்துத் தொலைத்துவிடுவார்கள்.
பின்னேரம் டியூசன் முடிந்து வரும் பொடியள்
அதே பூட்டைத் திறக்க நூறு நீட்டுவார்கள்.
வாங்கியிருக்கிறேன்.
சிரித்துக்கொண்டே வாங்கியிருக்கிறேன்.

அனிச்சங்குளத்திலிருந்து ஒருவர் வந்தார்,
காலில் வயல்சேறு காயவில்லை.
மகனின் போனில் துவக்கு விளையாட்டு.
வட்டம் சுருங்குகிறது,
கோட்டுக்குள் ஓடு, வெளியே நின்றால் சாவு,
போன் சொல்லிக்கொண்டேயிருந்தது.
அவர் மேசை விளிம்பைப் பிடித்தார்.
"உதை முதல்ல நிப்பாட்டும்."
நிறுத்தினேன்.
நெடுநேரம் கழித்து,
"நாங்கள் ஓடினதை இவனுக்குச் சொன்னதில்லை" என்றார்.
அந்தப் பூட்டுக்குக் காசு கேட்க வாய் வரவில்லை.

போன மாசியில் இராசமலர் அக்கா வந்தா.
பிள்ளையின் பெயரை இங்கே எழுதமாட்டேன்.
வட்டக்கச்சிப் பெட்டை என்று சொல்லிக்கொண்டு ஒருவன்,
அதே வகுப்பாம், அதே கணக்குப் புத்தகமாம்,
இரண்டு மாதம் பாசமாய்க் கதைத்து
ஒரு படம் வாங்கி
அதைக் காட்டி அடுத்த படம் கேட்கிறான்.
அந்தப் போனில் என் பூட்டு இருந்தது.
ஒழுங்காய்த்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

அழுவா என்று கதிரையை இழுத்துப் போட்டேன்.
அக்கா இருக்கவில்லை.
"ஒண்டையும் அழிக்கேல்லை. பதிலும் போடேல்லை.
அவன் எழுதினதையெல்லாம் படமெடுத்து வைக்கோணும்,
எப்பிடியெண்டு காட்டும்."
"எப்பிடியக்கா பிடிச்சீங்கள்?"
"நான் எங்க பிடிச்சன்?
தேங்காய் துருவேக்கை அவளே வந்து சொன்னாள்."

பிறகு கண்ணாடி மேசையில்
விரலால் கோடு இழுத்தபடி சொன்னா:
"பத்தாமாண்டு எனக்கு ஒரு கோல் வந்தது.
உம்மட மனுசன் எங்களிட்டை இருக்கிறார்,
மெலிஞ்சிட்டார், இருமல் இருக்கு எண்டான்.
அவருக்கு இருமல் இருந்தது தம்பி.
தாலிக்கொடியை வித்துக் காசு போட்டனான்.
மூண்டு தரம் போட்டனான்.
பிறகு அந்த நம்பர் இல்லை.
இவளுக்குப் பத்து வயசில சொல்லிப்போட்டன்,
எவ்வளவு காசு, எவ்வளவு வெக்கம்,
எத்தினை நாள் போனை மடியில வைச்சுக்கொண்டு
முழிச்சிருந்தன் எண்டதெல்லாம்.
அண்டைக்கு வந்து கேக்கிறாள்,
'அம்மா, அந்த இருமல்காரன் மாதிரி
எனக்கும் ஒருத்தன் வந்திட்டானோ?'"

ரீலோட் காட்டின் பின்புறத்தில்
1929 என்று எழுதிக் கொடுத்தேன்.
வெளியே பிள்ளை சைக்கிளைப் பிடித்தபடி
ஐஸ்பழம் தின்றுகொண்டு நின்றாள்.
கைவழியே சிவப்பு வழிந்தது.
தாய் போய்த் தன் தாவணித் தலைப்பால் அல்ல,
வெறுங்கையால் துடைத்துவிட்டா.

இரவு வீட்டுக்குப் போனேன்.
மகன் போனைக் கவிழ்த்து வைத்தான்.
என் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கே
பழகிப்போன கை அது.
ஊருக்கெல்லாம் பூட்டுப் போடுகிறவன் நான்,
எதையும் கேட்கவில்லை.
சோற்றுக் கோப்பையோடு பக்கத்தில் இருந்தேன்.
எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை.

"டுபாய் வேலையெண்டு சொல்லி
என்னை ஒருத்தன் கொழும்பில
ஒரு கிழமை றூமில வைச்சிருந்தவன்" என்றேன்.
"அஞ்சு லட்சம்.
கொம்மாவுக்கும் முழுக்கத் தெரியாது."

கறி ஆறிக்கொண்டிருந்தது.
அவன் சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"பிறகு?" என்றான்.